காற்றின் வேலை – 14: தண்டவாளத்தோரக் காற்றுக்கு ஓய்வு

சென்ற இதழில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸை அமெரிக்காவில் விட்டுவிட்டு வந்தோம். 1869-ல், இருபத்திரண்டு வயதில், காற்று பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிய மனிதர். பெட்டிகளுக்கு அடியில் குழாய் ஓடவிட்டு, எஞ்சினில் நிற்கும் டிரைவர் ஒரே கைப்பிடியால் மொத்த வண்டியையும் நிறுத்த வழி செய்தார். அவர் முதலில் செய்த அமைப்பில் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்துபோனால் பிரேக்கே கிடையாது. சில ஆண்டுகளில் அவரே அதைத் தலைகீழாகத் திருப்பினார். பெட்டிக்கு ஒரு சிறு தொட்டி, ஒரு வால்வு. குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். காற்று போய்விட்டால் பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டி இரண்டாக அறுந்தால்கூட இரண்டு துண்டும் தானாக நிற்கும். இந்தத் தலைகீழ்த் திருப்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் வரும் ஒவ்வொரு கருவிக்கும் உயிர் அதில்தான் இருக்கிறது.

காற்று இப்போது பெட்டியை விட்டு இறங்குகிறது. தண்டவாளத்தோரம் மைல் கணக்கில் குழாயாகப் படுத்து, சிக்னலைத் தூக்கி இறக்கி, பாதையை மாற்றிக்கொடுத்து, தவறும் வண்டியைத் தடுத்து நிறுத்துகிறது. நூறாண்டுக்கு மேல் உழைத்துவிட்டு இப்போது ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறது. நடக்கும் இடம் லண்டன்.

பொன்னமராவதியில் இருந்துகொண்டு லண்டன் சுரங்க ரயிலைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நம் ஊருக்கு ரயிலே கிடையாது. வண்டி ஏற வேண்டுமானால் புதுக்கோட்டைக்கோ காரைக்குடிக்கோ பஸ் பிடிக்க வேண்டும். ஆனால் காற்றை வேலை வாங்குவது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. வானம் பார்த்த பூமி இது. தண்ணீர் குறைவாக ஊறும் போரில் கம்ப்ரசர் மோட்டார் வைத்து இறைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மேலே கம்ப்ரசர் ஓடும். காற்று ஒரு குழாய் வழியாக ஆழத்துக்குப் போய், தண்ணீரோடு கலந்து, இன்னொரு குழாய் வழியாக விட்டுவிட்டு மேலே கொண்டுவரும். போருக்குள் சுழலும் பொருள் எதுவும் இல்லை. மணல் வந்தாலும் கெடாது, தண்ணீர் வற்றினாலும் எரிந்துபோகாது. ஆனால் கரண்ட்டைத் தின்னும். செலவழித்த மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும். பிறகு சப்மெர்சிபிள் மோட்டார் வந்தது. மின்சாரம் நேராகக் கிணற்றின் அடிக்கே போனது. கம்ப்ரசர் ஒவ்வொன்றாகக் கழன்றது. இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு லண்டன் கதையில் பாதி இப்போதே புரிந்துவிட்டது.

1863 ஜனவரி 10 அன்று மெட்ரோபாலிட்டன் ரயில்வே பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஓடத் தொடங்கியது. உலகின் முதல் சுரங்க நகர ரயில் அதுதான். ஓட்டியது நீராவி எஞ்சின். சுரங்கத்துக்குள் கரிப்புகை எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. 1890-ல் சிட்டி அண்டு சவுத் லண்டன் ரயில்வே ஆழத்தில் துளைத்த குழாய்ப் பாதையில் மின்சார எஞ்சினை ஓட்டியது. அந்தச் சின்ன எஞ்சின்களில் பிரேக்குக்குக் காற்று வேண்டும், ஆனால் கம்ப்ரசர் கிடையாது. ஸ்டாக்வெல் முனையத்துக்கு வரும்போதெல்லாம் தொட்டியில் காற்றை நிரப்பிக்கொண்டு கிளம்பும். தண்டவாளத்தோரம் காற்றைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நகர ரயிலுக்கு அப்போதே பழகிவிட்டது.

அடுத்து வருகிறவர் சார்லஸ் டைசன் யெர்க்ஸ். சிகாகோவில் டிராம் கம்பெனிகளை நடத்திப் பணமும் பகையும் சேர்த்தவர். 1901-ல் லண்டனின் டிஸ்ட்ரிக்ட் ரயில்வேயைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். டிஸ்ட்ரிக்டும் மெட்ரோபாலிட்டனும் ஒரே வட்டப் பாதையைப் பங்கு போட்டவை. எந்த மின்சாரம் என்பதில் இருவருக்கும் வழக்கு. மெட்ரோபாலிட்டன் ஹங்கேரியின் கான்ஸ் நிறுவனத்தின் மும்முனை மாறுதிசை மின்சாரத்தை விரும்பியது. யெர்க்ஸ் அமெரிக்காவில் பார்த்துப் பழகிய நேர்மின்சாரத்தையே கேட்டார். நடுவர் தீர்ப்பு யெர்க்ஸ் பக்கம் வந்தது. தேம்ஸ் கரையில் லாட்ஸ் ரோடு மின்நிலையம் எழுந்து 1905-ல் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் யெர்க்ஸ் இறந்துபோனார். அவர் திட்டமிட்ட ஆழ்குழாய்ப் பாதைகள் 1906-லும் 1907-லும் திறந்ததை அவர் பார்க்கவில்லை.

மின்சாரம் வந்ததும் வண்டிகள் நெருக்கமாக ஓடத் தொடங்கின. அங்கேதான் சிக்கல். பழைய முறையில் ஒவ்வொரு சிக்னல் கேபினிலும் ஒரு ஆள் நின்று, லீவரை இழுத்து, கம்பி வழியாகச் சிக்னலை ஏற்றி இறக்குவார். அடுத்த கேபினுக்கு மணி அடித்துச் சொல்வார். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் மனிதக் கை ஈடுகொடுக்காது. வண்டியே தனக்குப் பின்னால் சிக்னலைச் சிவப்பாக்கிக்கொண்டு போக வேண்டும்.

அதற்கான வழி அமெரிக்காவில் இருந்தது. வில்லியம் ராபின்சன் 1872-ல் காப்புரிமை பெற்ற டிராக் சர்க்யூட். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் மெல்லிய மின்னோட்டம் விடுவார்கள். பாதை காலியாக இருந்தால் ஓட்டம் மறுமுனையில் உள்ள ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சைத் தாங்கிப் பிடிக்கும். வண்டி உள்ளே வந்தால் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். ரிலேக்கு ஓட்டம் போகாது, அது விழும், சிக்னல் சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும், பேட்டரி தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும் இதே விளைவுதான். வெஸ்டிங்ஹவுஸின் பிரேக்கில் பார்த்த அதே தலைகீழ் யோசனை, இம்முறை மின்சாரத்தில்.

ஆனால் அந்த மெல்லிய ஓட்டத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு சிக்னல் கையைத் தூக்கவோ, பாதை மாற்றும் கனமான பாயிண்ட் தண்டவாளத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளவோ அதற்குத் தெம்பு கிடையாது. அக்கால மின்மோட்டார் பெரியது, விலை கூடியது. தண்ணீர் ஒழுகும் சுரங்கத்தில் இரவு பகலாக நம்பி விடக்கூடியதும் அல்ல. எனவே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். முடிவு எடுப்பது மின்சாரம், செய்வது காற்று. சின்ன மின்காந்தம் ஒரு வால்வைத் திறந்தால் போதும். குழாயில் காத்திருக்கும் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். ஒரு நொடியில் பாயிண்ட் மாறிவிடும். மழையானாலும் சேறானாலும் பிஸ்டனுக்குக் கவலை இல்லை.

பாஸ்டன் நகரின் உயர்மட்ட ரயிலில் 1901-லேயே இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. 1904-ல் திறந்த நியூயார்க் சப்வேயும் பாயிண்ட்டுகளைக் காற்றுக்கே விட்டது. லண்டனில் ஒத்திகை பார்த்த இடம் ஈலிங்–சவுத் ஹாரோ கிளை. 1903 ஜூனில் மின்சார வண்டியோடு தானியங்கிச் சிக்னலும் அங்கே வேலைக்கு வந்தது. 1905-ல் டிஸ்ட்ரிக்ட், பிறகு பேக்கர்லூ, பிக்காடிலி, ஹாம்ப்ஸ்டெட் பாதைகள் என்று பரவியது. ஆழ்குழாய்ச் சுரங்கத்தில் சிக்னல் கை ஆட இடம் இல்லை. அங்கே நிலையான விளக்குக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியையும் பச்சைக் கண்ணாடியையும் காற்றுதான் நகர்த்தியது.

இந்தக் கருவிகளில் என் மனத்தை மிகவும் பிடித்தது ட்ரெயின் ஸ்டாப். பார்க்க ஒன்றுமில்லை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு இரும்புக் கை. சிக்னல் பச்சையாக இருந்தால் அது படுத்திருக்கும். சிவப்பானால் எழுந்து நிற்கும். ஒவ்வொரு வண்டியின் அடியிலும் டிரிப் காக் என்ற நெம்புகோல் தொங்கும். டிரைவர் சிவப்பைத் தாண்டினால் எழுந்து நிற்கும் கை அந்த நெம்புகோலை அடிக்கும். பிரேக் குழாயில் உள்ள காற்று வெளியேறும். டிரைவர் என்ன செய்தாலும் வண்டி நின்றுவிடும்.

இதில் கையை எழுப்புவது எது? காற்று என்றுதான் எவரும் நினைப்பார்கள். எழுப்புவது ஸ்பிரிங். காற்றின் வேலை கையைக் கீழே அமுக்கி வைத்திருப்பது. குழாய் வெடித்தாலும், கம்ப்ரசர் நின்றாலும், மின்சாரம் போனாலும் ஸ்பிரிங் கையைத் தூக்கிவிடும். ஆகவே காற்று இருந்தால் வண்டி போகலாம், காற்று இல்லாவிட்டால் வண்டி நிற்கும். கெட்டுப்போனால் ஆபத்தின் பக்கம் விழாமல் பாதுகாப்பின் பக்கம் விழ வேண்டும் என்பதை இவ்வளவு எளிமையாக இரும்பில் எழுதிய கருவி வேறு எனக்குத் தெரியவில்லை. இதைக் கண்டுபிடித்தவர்கள் மனிதன் தவறுவான் என்பதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. தவறும்போது அவனையும் அவனை நம்பி ஏறியவர்களையும் காப்பது கருவியின் கடமை என்று எண்ணினார்கள்.

எல்லாம் இலவசமாக நடந்துவிடவில்லை. லாட்ஸ் ரோடில் கரியை எரித்து மின்சாரம். அந்த மின்சாரத்தில் ஆங்காங்கே கம்ப்ரசர். அந்தக் காற்று பாதையோரக் குழாயில். காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூடு வெளியே போய்விடும், போன சூடு திரும்பி வராது. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து குழாய்க்குள் தண்ணீராக நிற்கும். அதை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட், மெட்ரோபாலிட்டன் பாதைகளின் பெரும்பகுதி சுரங்கத்துக்கு வெளியே வானத்தின் கீழ் ஓடுவது. பனிக்காலத்தில் வால்வுக்குள் தண்ணீர் உறைந்தால் பாயிண்ட் நகராது. மைல் கணக்கில் குழாய் என்றால் ஆயிரக்கணக்கில் இணைப்பு. ஒவ்வொரு இணைப்பும் என்றாவது கசியும். கசிவு காதில் விழும் இரைச்சலாக இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கேட்காத கசிவுதான் கம்ப்ரசரை இரவு முழுவதும் ஓடவைத்துக் கரண்ட்டைக் குடிக்கும்.

ஆனாலும் லண்டன் காற்றைக் கைவிடவில்லை. அதற்கு மேலும் வேலை கொடுத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் தலைமைச் சிக்னல் பொறியாளராக இருந்த ராபர்ட் டெல், கேபினில் நின்ற ஆளின் வேலையையே காற்றுக்கு மாற்றினார். லீவரை மனிதன் இழுப்பதற்குப் பதிலாகக் காற்று திருப்பும். ஒரு பாதை திறந்திருக்கும்போது அதற்கு முரணான பாதை திறக்காதபடி பூட்டும் பழைய இரும்புப் பூட்டு அப்படியே இருக்கும். ஆனால் காற்றுக்கு எப்போது, எந்த வண்டிக்கு, எந்தப் பாதை என்று யார் சொல்வது? 1958-ல் நார்தன் லைனின் கென்னிங்டன் நிலையத்தில் ஒரு புரோகிராம் மெஷின் வந்தது. அன்றைய நேர அட்டவணை முழுவதும் ஒரு பிளாஸ்டிக் சுருளில் துளைகளாகக் குத்தப்பட்டிருக்கும். ஒரு வண்டி போனதும் சுருள் ஒரு வரி நகரும். அடுத்த வண்டிக்கான பாதையைத் துளைகள் சொல்லும். கணிப்பொறி சிக்னல் வேலைக்கு வருவதற்கு முன்பே ஒரு பரபரப்பான சந்திப்பை ஆள் இல்லாமல் நடத்திக் காட்டிய ஏற்பாடு இது. நம்மூரில் டெல்லின் பெயர் தெரியாது. ரயில்வே பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி ஒரு பாடமாவது இருக்க வேண்டும்.

ட்ரெயின் ஸ்டாப்பால் முடியாததும் உண்டு. 1975 பிப்ரவரி 28 காலையில் மூர்கேட் நிலையத்தில் ஒரு வண்டி வேகம் குறையாமல் பாதை முடியும் இடத்துக்குள் நுழைந்து சுவரில் மோதியது. டிரைவரோடு 43 பேர் இறந்தார்கள். டிரைவர் ஏன் பிரேக் போடவில்லை என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. வண்டி தாண்டிய சிக்னல் எதுவும் சிவப்பு அல்ல. அதனால் எழுந்து நிற்கும் கை எதையும் அது சந்திக்கவில்லை. அதற்குப் பிறகு பாதை முடியும் இடங்களில் கூடுதல் ட்ரெயின் ஸ்டாப்கள் வைத்தார்கள். வண்டி போதிய அளவு மெதுவாக வந்தால் மட்டுமே அந்தக் கைகள் இறங்கும். வேகமாக வந்தால் நின்றபடியே இருந்து வண்டியைத் தடுக்கும். எழுபது ஆண்டு வயதான கருவிக்குப் புதிய வேலை, அதுவும் 43 உயிர் போன பிறகு.

ஆனால் ஓய்வுக்கான விதை 1968-லேயே விழுந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் திறந்த விக்டோரியா லைனில் வண்டி தானாக ஓடியது. டிரைவர் கதவை மூடி இரண்டு பொத்தானை அழுத்தினால் போதும். வேகத்தை அனுமதிக்கும் குறியீடு தண்டவாளத்தின் வழியாக மின்துடிப்பாக வண்டிக்கு வந்துகொண்டே இருக்கும். துடிப்பு நின்றால் வண்டியும் நிற்கும். பாதையோரத்தில் எழுந்து நிற்கும் கைக்கு அங்கே வேலை இல்லை. தலைகீழ் யோசனை அப்படியே இருந்தது. இரும்புக் கையிலிருந்து மின்துடிப்புக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

அதன் பிறகு நெடுநாள் பெரும்பாலான பாதைகளில் எதுவும் நடக்கவில்லை. பணம் இல்லை. இருக்கிற அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. புதிய நூற்றாண்டில்தான் காற்றுக்கு உண்மையான ஓய்வு தொடங்கியது. ஜூபிலி லைன் 2011-ல் புதிய சிக்னலுக்கு மாறியது. நார்தன் லைன் 2014-ல் மாறியது. டிஸ்ட்ரிக்ட், சர்க்கிள், மெட்ரோபாலிட்டன், ஹாமர்ஸ்மித் அண்டு சிட்டி ஆகிய நான்கு பாதைகளுக்கு 2011-ல் ஒரு நிறுவனத்திடம் ஒப்பந்தம் போனது. அது இரண்டு ஆண்டில் முறிந்தது. 2015-ல் வேறு நிறுவனத்துக்குக் கொடுத்து, 2019 மார்ச்சில் ஹாமர்ஸ்மித்–லாட்டிமர் ரோடு என்ற முதல் துண்டு புதிய முறைக்கு வந்தது. யெர்க்ஸின் லாட்ஸ் ரோடு மின்நிலையம் 2002-லேயே மூடப்பட்டுவிட்டது. காற்றைப் பெற்றெடுத்த மின்நிலையம் போன பிறகும் காற்று பிழைத்திருந்தது.

இந்த நான்கு பாதைகளின் புதிய முறையில் ஒவ்வொரு வண்டியும் தான் எங்கே இருக்கிறேன் என்று கட்டுப்பாட்டு அறைக்கு ரேடியோ வழியாக இடைவிடாமல் சொல்லும். எவ்வளவு தூரம் போகலாம் என்ற அனுமதி அங்கிருந்து திரும்பி வரும். அனுமதி வராவிட்டால் வண்டி நகராது. இதற்குப் பாதையோரச் சிக்னலும் தேவையில்லை, ட்ரெயின் ஸ்டாப்பும் தேவையில்லை.

அப்படியானால் மறுநாளே குழாயைக் கழற்றி எடுத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு பாதையில் ட்ரெயின் ஸ்டாப் எல்லாம் போய்விட்டாலும், ஒரே ஒரு பாயிண்ட் காற்றில் நகர்கிறது என்றால் அதற்காகக் கம்ப்ரசர் ஓடியே தீர வேண்டும். பழைய குழாய் அடுத்த பாதையோடு இணைந்திருக்கும். இந்தப் பக்கம் வெட்டினால் அந்தப் பக்கம் அழுத்தம் குறையும். அங்கே கைகள் எழும், வண்டிகள் நிற்கும். புதிய கருவி பொருத்தாத ஒரு பராமரிப்பு வண்டி அந்தப் பாதையில் வரும் என்றால் அதற்கு என்ன பாதுகாப்பு என்று தனியாக யோசிக்க வேண்டும். வேலைக்குக் கிடைப்பது கடைசி வண்டி போன பிறகு முதல் வண்டி வருவதற்குள் இருக்கும் சில மணி நேரம். அதற்குள் இறங்கி, மின்சாரம் துண்டித்ததை உறுதிசெய்து, வேலையை முடித்து, சோதித்து, ஆட்களை வெளியே கொண்டுவந்து, காலையில் லட்சக்கணக்கானவர்களுக்குப் பாதையைத் திறந்துவிட வேண்டும். 1905-ல் குழாய் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. போடுவதைவிட எடுப்பது கடினம்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் பாயிண்ட்டுகளுக்கு மின்மோட்டார் அல்லது மின்சாரத்தில் இயங்கும் எண்ணெய் அழுத்தக் கருவி. பிறகு ட்ரெயின் ஸ்டாப். பிறகு குழாயைத் துண்டு துண்டாக அடைத்தல். கடைசியில்தான் கம்ப்ரசர். கம்ப்ரசரை நிறுத்தும் நாள் ஒரு விழாவாகத் தெரியாது, ஒரு மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த நாளை எட்டுவதற்கு அதற்கு முன்பு ஒவ்வொரு பிஸ்டனையும் தேடிப் பிடித்திருக்க வேண்டும். பேக்கர்லூவிலும் பிக்காடிலியிலும் அந்த நாள் இன்னும் வரவில்லை. பழைய சிக்னல், எழுந்து படுக்கும் இரும்புக் கை எல்லாம் அங்கே உண்டு.

காற்று ரயிலை விட்டே போய்விட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அது பாதையோரத்தை விட்டு வண்டிக்குத் திரும்பியிருக்கிறது. வெஸ்டிங்ஹவுஸ் வைத்த இடத்தில், பெட்டிக்கு அடியில், பிரேக்கில் இன்றும் காற்றுதான். சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது பாதையோரக் காற்றுக் குழாய் என்ற கட்டத்தையே தாண்டி வந்துவிட்டது. லண்டன் நூறாண்டு கடந்து இறக்கிவைக்கும் சுமையைச் சென்னை தூக்கவே இல்லை. தாமதமாகத் தொடங்கியவர்களுக்குக் கிடைக்கும் நன்மை அது.

நம் பக்கத்தில் ஓய்வு பெற்றது வேறொன்று, வேக்குவம் பிரேக். அதையும் சொல்லாமல் இந்தப் பகுதி முழுமையாகாது.

1889 ஜூன் 12 அன்று அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகில் ஒரு சுற்றுலா வண்டி மேட்டில் ஏற முடியாமல் நின்றது. வண்டியைப் பிரித்து முன்பாதியை முதலில் கொண்டுபோக முடிவு செய்தார்கள். அதில் இருந்தது வேக்குவம் பிரேக், ஆனால் தானாகப் பிடிக்காத வகை. இணைப்பைக் கழற்றியதும் பின்பாதிக்குப் பிரேக் இல்லாமல் போனது. அது சரிவில் உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதியது. 80 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டனில் தானாகப் பிடிக்கும் தொடர் பிரேக்கைச் சட்டம் கட்டாயமாக்கியது. சட்டம் காற்றா வேக்குவமா என்று சொல்லவில்லை. பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரும்பாலும் தானியங்கி வேக்குவத்தைப் பிடித்துக்கொண்டன. இந்தியாவுக்கும் அதுவே வந்தது. தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதைகளிலும், 1929-ல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு வந்த பாதையிலும் ஓடியது அதுதான்.

வேக்குவத்தில் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக வைத்திருப்பார்கள். வெற்றிடம் இருந்தால் பிரேக் விடும். காற்று உள்ளே புகுந்தால் பிடிக்கும். தலைகீழ் யோசனை இதிலும் உண்டு. குறை என்னவென்றால், வெற்றிடத்தால் கிடைக்கும் அழுத்தத்துக்கு மேல்வரம்பு உண்டு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைவிட அதிகம் கிடைக்காது. நடைமுறையில் பாதரசம் 53 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வெற்றிடம் பிடிப்பார்கள், சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோவுக்கும் குறைவு. காற்று பிரேக்கின் குழாயில் 5 கிலோ. வேக்குவம் சிலிண்டர் அதனால்தான் அவ்வளவு பெரியது. நீளமான சரக்கு வண்டியில் கடைசிப் பெட்டிவரை காற்று புகுந்து பிரேக் பிடிக்க நேரம் ஆகும். ஒரு ஹோஸ் பைப் கிழிந்திருந்தால் ‘வேக்குவம் ஏறலை’ என்று வண்டி கிளம்பாமல் நிற்கும். மீட்டர் கேஜில் போனவர்கள் இந்த வார்த்தையைக் கேட்டிருப்பார்கள்.

1980-களில் கனமான சரக்குப் பெட்டிகளோடு இந்திய ரயில்வேயில் காற்று பிரேக் பரவத் தொடங்கியது. பிறகு பயணிகள் பெட்டிகளுக்கும் வந்தது. இடைக்காலத்தில் இரண்டு வகை வண்டியையும் இழுக்க இரண்டு பிரேக்கும் உள்ள எஞ்சின்கள் ஓடின. நம் பக்கத்து மீட்டர் கேஜ் அகலப்பாதையானபோது வேக்குவமும் அதோடு போனது. 1931-ல் தொடங்கிய சென்னைக் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் 2004-ல் நின்றது. லண்டன் பாதையோரக் காற்றை அனுப்பிவைக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில், இங்கே வேக்குவத்தை அனுப்பிவைக்கக் காற்றை வரவழைத்துக்கொண்டிருந்தோம். 1869-ல் பிறந்த யோசனை நம் பாதைக்கு வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. இந்தத் தாமதத்துக்குச் சட்டமோ அறிவியலோ காரணமல்ல. முதலில் யார் எதை வாங்கிப்போட்டார்கள் என்பதே காரணம். ஒருமுறை ஆயிரக்கணக்கான பெட்டிகளில் ஒரு வகையைப் பொருத்திவிட்டால், அடுத்த தலைமுறையும் அதற்கடுத்த தலைமுறையும் அதற்கே உதிரி செய்துகொண்டிருக்கும்.

பழைய கருவி ஓய்வு பெறுவதில் எனக்கு வருத்தம் இல்லை. கரண்ட்டை வீணாக்கும் குழாயை நினைவுக்காக ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. கருவியோடு அதன் கைப்பழக்கமும் போவதுதான் இழப்பு. கம்ப்ரசர் ஓடும் சத்தத்தை வைத்தே எங்கோ கசிகிறது என்று சொன்ன மெக்கானிக், வேக்குவம் சிலிண்டரைப் பிரித்து ரப்பர் வளையம் மாற்றிக் கோத்த ஃபிட்டர், இவர்கள் தெரிந்துவைத்திருந்தது எந்தக் கையேட்டிலும் முழுதாக இருக்காது. லண்டனில் ஆக்டன் என்ற இடத்தில் போக்குவரத்து அருங்காட்சியகத்தின் கிடங்கு இருக்கிறது. அங்கே பழைய சிக்னல் கருவிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். திருச்சியிலும் 2014 முதல் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. எஞ்சினைக் காப்பாற்றி நிறுத்திவைப்பது நல்ல காரியம். எஞ்சினைப் பழுது பார்த்தவரின் வாய்மொழியையும் அதே அக்கறையோடு பதிவு செய்ய வேண்டும்.

தென்னிந்திய ரயில்வேயின் பொன்மலைப் பட்டறை 1928-ல் வந்தது. திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்து தலைமுறையாக அங்கே வேலைக்குப் போனவர்கள் உண்டு. மீட்டர் கேஜ் பெட்டிகளில் வேக்குவம் பிரேக் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், உட்கார்ந்து பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்து வையுங்கள். எந்தக் கருவியை எந்தப் பெயரால் அழைத்தார்கள், எந்தக் கோளாறை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை எழுதி இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். இந்தத் தொடரின் அடுத்த பகுதிகளில் அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே வெளியிடுவோம்.